பெட்டி மாறியது, பதிவு போனது: கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ரெக்கார்டு செய்யும் ஹெச்டி செட்டாப் பாக்ஸும் அதில் செருக ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கினார். ஏழே மாதத்தில் பாக்ஸ் பழுதாகி, வேறு மாற்றிக் கொடுத்தார்கள். புது பாக்ஸோ பழைய டிஸ்க்கைப் பார்த்து 'ஃபார்மட் செய்யவா', அதாவது உள்ளே இருப்பதை அழிக்கவா, என்று கேட்கிறது. மகள் டிவியில் பாடியது உட்பட எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. கேட்கப் போன இடத்தில் மைத்துனர் முன்னால் அவமானம் வேறு.

அவமானத்தை விடுங்கள், அதை மட்டும் வைத்து நுகர்வோர் கமிஷனில் (நுகர்வோர் கோர்ட்டில்) பெரிதாக நிற்க முடியாது. டிஸ்க் திறக்காதது பழுதும் இல்லை. இந்த மாதிரிப் பாக்ஸ்களில் பதிவு அந்தப் பாக்ஸுக்கே உரிய பூட்டோடுதான் ஏறும். கம்பெனி மேல் போனால் அதைச் சொல்லியே தப்பித்துவிடும். உங்கள் வழக்கு இருப்பது மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்: வாங்கும் முன் அட்டைப்பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டதற்கு, 'எந்த பாக்ஸ்ல போட்டாலும் ஓடும்ணே' என்று கடைக்காரர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாயால் சொன்ன பொய்யும் நேர்மையற்ற வணிகம்தான்.

அதனால் அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் போனைக் கொடுத்துவிட்டு, மச்சானுக்கு ஃபார்வர்டு செய்த காப்பியோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். யார் பேசியது, எப்போது அனுப்பியது என்று அதில் எதுவும் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டப்படி, போனில் உள்ளதை ஆதாரமாகக் காட்டத் தர வேண்டிய 63-வது பிரிவுச் சான்றிதழில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் பகுதி ஒன்று என இரண்டும் வேண்டும், அதற்கு ஒரிஜினல் போன் கையில் இருக்க வேண்டும்.

இனி எனக்குப் பயம் தந்த இடம். நீங்களே எழுதிய நோட்டீஸ் வரைவில், மேட்ச்சையெல்லாம் பதிவு செய்து, படகில் போகும் பையன்களுக்குப் பென்டிரைவில் ஏற்றி இருபது ரூபாய்க்குக் கொடுத்து வந்ததாகவும், அந்த வருமானம் போய்விட்டதாகவும் நஷ்டஈடு கேட்டிருக்கிறீர்கள். ஐயா, பரிதாபத்துக்காக எழுதிய வரியே வழக்கைக் கவிழ்த்துவிடும். சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்ய 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 39-வது பிரிவு இடம் தருகிறது. காசுக்குக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. எதிர்த்தரப்பு வக்கீலோ 'இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை' என்று அதே வரியைப் படித்துக் காட்டுவார். வரியை அடித்துவிட்டு மனுப் போட்டாலும், ஊருக்கே தெரிந்ததைக் கடைக்காரர் மட்டும் கேள்விப்படாமலா இருப்பார்? பொய்ச் சத்தியம் செய்ய நான் துணை வர மாட்டேன்.

மதுரையில் ஒருவர் விற்பதாகச் சொன்ன, பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ வயருக்கு நடுவில் மாட்டிப் பூட்டை உடைத்துப் பதிவு செய்யும் டப்பாவும் வேண்டாம். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் அதே சட்டத்தின் 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. இருபது ரூபாய்க் கதைக்கு அப்புறம் உங்கள் எண்ணம் நல்லது என்று யார் நம்புவார்?

சமாதானமாகப் போங்கள். வாய்ஸ் நோட்டைக் கடைக்காரரிடம் போட்டுக் காட்டி டிஸ்க் விலையைத் திருப்பிக் கேளுங்கள், பாதி கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள். மகள் பாடியதை எந்தக் கோர்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. எந்தத் தேதி, எந்த நிகழ்ச்சி என்று குறித்து டிவிக்காரர்களுக்கே எழுதிக் கேட்டுப் பாருங்கள்.