சைலன்சர் சத்தமும் வாரண்டியும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் வண்டிகளின் புகைக்குழாய்ச் சத்தம் பற்றியவை. எல்லாமே வாரண்டிக்குள் இருக்கும் வண்டிகள். கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் பதில் மாறப்போவதில்லை.

அதிகாலையில் வண்டியை எடுத்தால் இன்ஜின் பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம். பூ ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தமே இல்லை. வண்டிக்கு எட்டு மாதம். (பூ வியாபாரி, நிலக்கோட்டை)

நல்ல கேள்வி, கேட்ட விதமும் நன்று. குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, சூடானதும் மறையும் சத்தம் என்றால் என் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் மீதுதான்; இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் இரும்புக் குழாய்த் தொகுப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. ஆறியதும் மறுபடி திறந்துகொள்கிறது. இன்ஜெக்டர் சத்தமும் இதே மாதிரி கேட்கும், ஆனால் அது சூடானாலும் போகாது.

முதல் நாள் மாலையே வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வாருங்கள். காலையில் அவர்கள்தான் முதல் ஸ்டார்ட் போட வேண்டும். மேனிஃபோல்டு இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டில் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் விசிறி விரித்த மாதிரி மெல்லிய கரித்தடம் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நட்டை முறுக்கி மட்டும் அனுப்பினால் இரண்டு மாதத்தில் திரும்பப் போவீர்கள். கேஸ்கெட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்; வாரண்டியில் செய்ய வேண்டிய வேலை அது.

சைலன்சரில் சத்தம் வருகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், திருவள்ளூர்)

என்ன வண்டி? டீசலா, சி.என்.ஜி.யா? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? சத்தம் ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) வருகிறதா, ஓட்டத்திலா, காலியாக இருக்கும்போதா, லோடிலா? ‘வயிறு வலிக்கிறது’ என்று டாக்டருக்குத் தபால் போட்டுவிட்டு மருந்தை எதிர்பார்ப்பதைப் போலிருக்கிறது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, அடியில் ‘டங், டிங்’ என்று பத்து நிமிடம் கேட்கிறது. (வாசகி, காங்கேயம்)

சூடான குழாயும் தகடும் ஆறிச் சுருங்கும் சத்தம். கோளாறு இல்லை.

மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் ‘இந்த மாடலில் எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாவது கியரில் ஏறும்போது கிழிந்த சத்தம் வருகிறது. வாரண்டி முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது. (காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று ஜாப் கார்டு (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் வேலைச் சீட்டு) நகல்களையும் பார்த்தேன். மூன்றிலும் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்றுதான் இருக்கிறது. ஒன்றில் வாட்டர் வாஷ் என்று கூடுதலாக ஒரு வரி. அதாவது, காகிதத்தின்படி நீங்கள் சத்தம் பற்றி ஒரு முறைகூடப் புகார் செய்யவில்லை! நாளைக்கு வாரண்டி முடிந்ததும் ‘இப்போதுதானே முதல் தடவையாகச் சொல்கிறீர்கள்’ என்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

எத்தனையோ ஆண்டுகளாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். கவுன்டரில் நின்று வாயால் சொன்னது புகார் ஆகாது, ஜாப் கார்டில் ஏறியதுதான் புகார். எட்டு, ஒன்பது லட்சம் போட்டு வண்டி வாங்குகிறவர், கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அரை நிமிடம் படிப்பதில்லை. சர்வீஸ் அட்வைசருக்கும் இது வசதி. புகாரை எழுதினால் கண்டுபிடித்ததையும் எழுத வேண்டும். வாரண்டிப் பொருள் என்றால் கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று போட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

நாளையே மறுபடி போங்கள். புகார்க் கட்டத்தில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதினாலும் தவறில்லை: ‘மூன்றாவது கியரில், மேட்டில், லோடுடன் ஏறும்போது முன்பக்க அடியிலிருந்து கிழிந்த சத்தம். இதற்கு முன் இன்னின்ன தேதிகளில் சொல்லப்பட்டது.’ எழுத மறுத்தால் நீங்களே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் மேட்டில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். காலி வண்டியை யார்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ‘சத்தம் இல்லை’ என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். எல்லா வண்டிக்கும் இப்படித்தான் என்றால், அதே மாடலில் இன்னொரு வண்டியை அதே மேட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் அதே சத்தம் வந்தால் அவர் சொல்வது சரி, விட்டுவிடலாம். பல வாரண்டிக் கையேடுகளில் இயல்பான சத்தத்துக்கும் அதிர்வுக்கும் பொறுப்பில்லை என்றே போட்டிருக்கும்.

என் ஊகத்தைக் கேட்டால், டர்போவுக்குப் பின்னால் வரும் வளையும் குழாயில் விரிசல். லோடில் இன்ஜின் முறுக்கும்போது விரிசல் வாய் திறக்கும், ஐடிலில் மூடிக்கொள்ளும். லிஃப்டில் ஏற்றி, அந்தக் குழாயின் மேலுள்ள கம்பி வலைப்பின்னலைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதிய நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். அதைப் படம் எடுத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டி தேதிக்குள் போன அந்த மின்னஞ்சல்தான் பிறகு உங்கள் ஆதாரம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘வணிக நோக்கத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே சொல்லும். பயப்பட வேண்டாம். சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரே வண்டியை வைத்து நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைப் புகார் மனுவில் தெளிவாக எழுதுங்கள். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வழி கடினம்.

பட்டறையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்து நேர்க்குழாய் வைத்தால் சத்தமும் போகும், மைலேஜும் கூடும் என்கிறார்களே? (டிரைவர், சேலம்)

புகையின் நச்சைக் குறைக்கும் பாகம் அது. வெட்டினால் சத்தம் கூடும். வாரண்டி போகும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் சென்சார்கள் சும்மா இருக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், பல வண்டிகளில் இன்ஜின் இழுவையே குறைந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடம் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ‘வாரண்டியில் செய்து தர மறுக்கிறார்கள்’ என்று எனக்கு எழுதுகிறவர்கள் தனி. அவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

புது வண்டி. சேசிஸாக வாங்கி வெளியில் பாடி கட்டினேன். அறுபதைத் தாண்டினால் கேபினுக்குள் ‘கும்ம்’ என்று இரைகிறது. பாடி கட்டியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது டீலர். (கோழிப்பண்ணை உரிமையாளர், நாமக்கல்)

டீலர் சொல்வது சரியாக இருக்கலாம். பாடியின் குறுக்குச் சட்டமோ, மட்கார்டு கிளாம்ப்போ குழாயில் உரசிக்கொண்டிருந்தால் அதிர்வு முழுவதும் பாடி வழியாகக் கேபினுக்கு வரும். வண்டி நன்றாக ஆறிய பிறகு அடியில் படுத்துக் குழாய் நெடுகப் பாருங்கள். எல்லா இடமும் மண்ணும் துருவுமாக இருக்க, ஒரு இடம் மட்டும் காசு அளவுக்குத் தேய்ந்து பளபளக்கும். அங்கேதான் உரசுகிறது. பாடி கட்டியவரிடமே போய் அந்தச் சட்டத்தை ஒரு விரற்கடை நகர்த்தச் சொல்லுங்கள். பளபளப்பு எங்குமே இல்லை, ஆனால் குழாயைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர் தொங்குகிறது என்றால் டீலரிடம் போகலாம். ரப்பருக்கு வாரண்டி குறைவு, சீக்கிரம் போங்கள்.

வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். மறந்தால் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) செலவு தனி.

வாரத்துக்கு ஒரு முறை சைலன்சர் சத்தம் கனத்து, ஐடில் ஏறி, கருகிய வாசனையும் வருகிறது. கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. (விவசாயி, ஒரத்தநாடு)

டி.பி.எஃப்., அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, தன்னிடம் சேர்ந்த கரியைத் தானே எரிக்கிறது. உள்ளே ஏறக்குறைய 600 டிகிரி சூடு. பாதியில் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட்டி முடியவிடுங்கள். அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறும். அந்த நேரத்தில் வைக்கோல் கிடக்கும் களத்தில் மட்டும் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சத்தம் கொஞ்சம் அதிகம்தான், பழகிவிட்டது. ஆனால் இரவில் கேபினில் ஏ.சி. போட்டுப் படுத்தால் காலையில் தலை வலிக்கிறது. (டிரைவர், மேட்டுப்பாளையம்)

இன்றிரவு அப்படிப் படுக்காதீர்கள். ஒழுகும் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சைலன்சர் சரியாக இருக்கும் வண்டியிலும் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். தலைவலியையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

காலையில் சைலன்சர் முனையில் தண்ணீர் சொட்டுகிறது. சி.என்.ஜி. வண்டி. (வாசகர், கடலூர்)

எரிவாயு எரிந்தால் நீராவி வரும், ஆறினால் சொட்டும். துடைக்கக்கூட வேண்டாம்.

ஐடிலில் தகர டப்பா அதிர்வது மாதிரிச் சத்தம். ஹீட் ஷீல்டு லூசாகிவிட்டதாம். கழற்றி எறிந்துவிடலாமா? (மீன் வியாபாரி, தூத்துக்குடி)

கூடாது. அந்தத் தகடு இல்லையென்றால் சூடு நேரே தரைத்தகட்டுக்கும் வயருக்கும் போகும். உப்புக்காற்றில் போல்ட்டைச் சுற்றி அரித்திருக்கும். வாரண்டியில் புதுத் தகடு கேளுங்கள். துரு என்று சொல்லி மறுத்தால், அகலமான ஸ்டீல் கிளாம்ப் ஒன்று போட்டு இறுக்கச் சொல்லுங்கள், நூறு, இருநூறு ரூபாய் ஆகும். மறுத்ததை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.