பெயரில் மட்டும் மேனேஜர்: ஓ.டி. கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் பாத்திரக்கடை ஊழியர்: 'ஃப்ளோர் மேனேஜர்' என்று அட்டை மாட்டிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் போக தினமும் பத்து மணி நேரம் வேலை. மேனேஜருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான கூலி) கிடையாதாமே?

அட்டையைப் பார்த்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விலக்கு தருவது நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குத்தான். நீங்கள் யாருக்காவது லீவு கொடுக்க முடியுமா? ஆளைச் சேர்க்கவோ நிறுத்தவோ முடியுமா? முதலாளியைக் கேட்காமல் விலையில் நூறு ரூபாய் குறைக்க முடியுமா? குடத்தை எடை போட்டு, பில் எழுதி, இரவில் கல்லாவை எண்ணி ஷட்டர் இறக்குகிறவரை மேனேஜர் என்று அழைப்பது ஓ.டி. தராமல் தப்பிக்கும் வழி. பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள் என்றால், நிர்வாகி என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கணக்கு இதுதான். நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. சம்பளம் 15,600 என்றால், வழக்கப்படி மாதத்தின் 26 வேலை நாளால் வகுக்க நாளுக்கு 600, மணிக்கு 75, ஓ.டி.க்கு 150. தினமும் 2 மணி நேரம் கூடுதல் என்றால் மாதம் 7,800 ரூபாய் போகிறது. போதாததற்கு, ஓ.டி.யையும் சேர்த்து வாரத்துக்கு 54 மணி நேரம்தான் உச்சவரம்பு. நீங்கள் 60 உழைக்கிறீர்கள். அது முதலாளியின் தனிக் குற்றம்.

வந்த நேரம், போன நேரத்தை உங்கள் கையாலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். முதலாளியின் வாட்ஸ்அப் கட்டளைகளை அழிக்காதீர்கள்.

மன்னார்குடி: என் சம்பளம் 30,000. எனக்கு ஓ.டி. உண்டா?

என்ன வேலை என்று எழுதாமல் சம்பளத்தை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? இந்தச் சட்டத்தில் ஓ.டி.க்குச் சம்பள வரம்பு இல்லை. வேலையை விவரித்து மறுபடி எழுதுங்கள்.

மயிலாடுதுறை, கடை உரிமையாளர்: 'சம்பளத்திலேயே ஓ.டி. அடக்கம்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதுமா?

போதாது. சட்டம் தந்த உரிமையைக் கையெழுத்து பறிக்காது. பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள்.

திருவாரூர், ஜவுளிக்கடைப் பெண்: நாள் முழுக்க நிற்கச் சொல்கிறார்கள்.

இதே சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி உட்கார இருக்கை தர வேண்டும். கேளுங்கள்.

பட்டுக்கோட்டை: நான் நிர்வாகியா இல்லையா என்று யார் தீர்ப்பது?

இதே சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி தொழிலாளர் ஆணையர். புகாரை உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுங்கள். சம்பளச் சீட்டு, நேரக் குறிப்பின் நகல்களோடு போங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.