வாசகர் கேள்வி–பதில்: வசந்தகால ஏரிகளில் ட்ரௌட்டும் பாஸும்

கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஏரித் தூண்டில் பற்றியவை. குளிர்ந்த நீரை விரும்பும் ட்ரௌட், சூடேறும் நீரை விரும்பும் பாஸ் என்ற இரண்டு நன்னீர் மீன்கள்தான் பேச்சு. வசந்தம் வந்துவிட்டதல்லவா! அவற்றிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கே: அண்ணா, மார்ச் கடைசியில் லிவர்மோர் பக்கம் டெல் வாலே ஏரிக்கு ட்ரௌட் பிடிக்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வரிசையாக மாட்டியது. அவர் போட்ட அதே பவர்பெய்ட்தான் நாங்களும் போட்டோம், ஒரு கடிகூட இல்லை. ஏப்ரலில் மறுபடி போகலாமா, பேசாமல் பாஸுக்கு மாறிவிடலாமா? – வாசகர், ஃப்ரீமாண்ட்

மறுபடி போங்கள். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் அந்தப் பெரியவர் எவ்வளவு நரம்பு விட்டிருந்தார் என்று கவனித்தீர்களா? அநேகமாக வித்தியாசம் அங்கேதான் இருக்கும். பவர்பெய்ட் மிதக்கும் இரை. குண்டு தரையில் கிடக்கும், இரை நடு நரம்பின் நீளத்துக்கு மேலே எழும்பி நிற்கும். அந்த நீளம் அரை அடியாக இருந்தால் இரை பாசிக்குள்ளேயே புதைந்துவிடும், மீன் அதன் தலைக்கு மேலேயே நீந்திப் போய்விடும். ஒன்றரை அடியில் தொடங்குங்கள். அரை மணி நேரம் அசைவில்லையென்றால் இரண்டரை, மூன்று அடி என்று கூட்டுங்கள். முள் சின்னதாக இருக்கட்டும். பெரிய முள்ளின் கனத்தில் இரை மிதக்காது. வீசுவதற்கு முன் காலடித் தண்ணீரில் விட்டு, இரை மேலே எழும்புகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று அடிக்கு நான்கு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு போதும். தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பைக் கண்டால் ட்ரௌட் ஒதுங்கிவிடும்.

இனி, ஏப்ரலா பாஸா என்ற கேள்வி. இதற்குக் காலண்டரைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும், ஏரியில் என்ன நடக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். ட்ரௌட்டுக்குச் சுகமான தண்ணீர் சுமார் 55 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 முதல் 16 செல்சியஸ். 70ஐத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும், ஏனென்றால் சூடான நீரில் பிராணவாயு குறைவு. பாஸ் இதற்கு நேர் எதிர். 50க்குக் கீழே ஆழத்தில் மந்தமாகக் கிடக்கும். 55ஐத் தொட்டதும் கரையை நோக்கி நகரும். 60 முதல் 65க்குள் முட்டையிடத் தொடங்கும். இந்த இரண்டு கணக்கும் ஒரே ஏரியில் ஒன்றோடொன்று உரசுகிற சில வாரங்கள்தான் நம் பகுதியில் மார்ச்சும் ஏப்ரலும். காலையில் நிழல் விழுந்த ஆழமான கரையில் ட்ரௌட்டுக்குப் போடுங்கள். மதியம் வெயில் காய்ந்த ஆழமில்லாத வளைவுக்குப் போய் பாஸுக்கு வீசுங்கள். வடகரை வளைவுகள் முதலில் சூடேறும். தெற்கிலிருந்து வெயில் நேராக விழும், குளிர்ந்த வடகாற்றும் அங்கே அடிக்காது.

மே பாதிக்குமேல் கதை மாறும். குளிர்காலத்தில் நம் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கங்கள் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் கலந்திருக்கும், அதனால் ட்ரௌட் எந்த ஆழத்திலும் திரியும், கரையிலிருந்தே எட்டும். வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி லேசாகிவிடும், குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். ட்ரௌட்டும் அந்தக் குளிர்ச்சியைத் தேடிக் கீழே போய்விடும். அப்புறம் படகில்லாமல் அதைத் தொட முடியாது. ஆகவே ஏப்ரலை விடாதீர்கள். எந்த வாரம் எந்த ஏரியில் குஞ்சுப்பண்ணை மீனை விடுகிறார்கள் என்று மாநில மீன்வளத் துறை தன் இணையதளத்தில் போடுகிறது. புதிதாக விட்ட மீன் முதல் சில நாள் படகுத்துறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்.

கே: தெளிந்த கரையோரத்தில் ஒரு பாஸ் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. என் மகன் எதைப் போட்டாலும் கொத்திப் பிடித்து, கொஞ்சம் தள்ளித் துப்பிவிட்டு, திரும்ப அதே இடத்துக்கே வந்துவிடுகிறது. அவனுக்கு ஒரே ஆர்வம். எப்படிப் பிடிப்பது, அண்ணா? – வாசகர், டப்ளின்

பிடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது பசிக்காகக் கொத்தவில்லை, கூட்டிலிருந்து குப்பையை எடுத்து வெளியே போடுகிறது. அங்கே நிற்பது ஆண் மீன். வாலால் சரளையைத் துடைத்து ஒரு தட்டுப்போல் பள்ளம் செய்திருக்கும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். முட்டை பொரியும் வரைக்கும், குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் காவல் முழுக்க ஆணுடையது. எங்கள் இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாயில் குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலைப் பார்த்தவர்களுக்கு இந்த நிற்பு புரியும். நீங்கள் பாஸைத் தூக்கிப் படமெடுத்துவிட்டுத் திரும்ப விட்டாலும், அந்தச் சில நிமிடத்துக்குள் ப்ளூகில் மீன்கள் பாய்ந்து முட்டையைத் தின்றுவிடும். ஏற்கெனவே அணையில் நீர்மட்டத்தை இறக்கினால் கூடுகள் கரையேறிக் காய்ந்துபோகின்றன. நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாமே. பொதுவாகச் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என் தீர்மானம் அதைப் பொறுத்ததல்ல.

மகனின் ஆர்வத்துக்கு நல்ல இடம் வேறு இருக்கிறது. கூட்டுக்கு வருவதற்கு முன் பாஸ் கூடி நிற்கும் இடங்களைத் தேடுங்கள்: ஓடை ஏரிக்குள் சேரும் வாய், தண்ணீருக்குள் நீண்டிருக்கும் பாறைமூக்கு, மூழ்கிய மரம். பிளாஸ்டிக் புழுவை மெதுவாக, மிக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஒரு நாள் கிளியர் லேக்குக்கு அழைத்துப் போங்கள். முழுக்கக் கலிஃபோர்னியாவுக்குள் அமைந்த இயற்கையான நன்னீர் ஏரிகளில் அதுதான் பெரியது. ஆழம் குறைவு, அதனால் சீக்கிரம் சூடேறும். கோரைப்புதர் ஓரமாக இரை விழுந்ததும் பாஸ் அடிக்கிற அடியில் அவன் கை நடுங்கும். 1959இல் ஃப்ளோரிடாவிலிருந்து பெருவாய் பாஸ் இனத்தைச் சான் டியேகோ பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இந்த மாநிலத்தில் பிடிபடும் ராட்சத பாஸ்களில் பெரும்பாலும் அந்த இரத்தம்தான் ஓடுகிறது.

கே: கன்னியாகுமரியிலிருந்து அப்பா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தூண்டில் போட்டவர். அவருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? – வாசகி, சான் ரமோன்

வேண்டும். 16 வயது ஆன எல்லாருக்கும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் வேண்டும். அப்பாவுக்கு ஒருநாள் அல்லது இரண்டுநாள் லைசென்ஸ் எடுத்தால் செலவு குறைவு. டெல் வாலே, சாபோ போன்ற கிழக்கு விரிகுடாப் பூங்கா ஏரிகளில் அதற்கு மேல் ஒரு தினசரி அனுமதியும் வாங்க வேண்டும். அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எதுவும் தேவையில்லை. ஆனால் அவரால் கோலைத் தொடாமல் இருக்க முடியுமா? எடுத்துவிடுங்கள். அவருக்குக் கடல்தான் பிடிக்கும் என்றால், கடலில் இருக்கும் பொது மீன்பிடி மேடைகளில் லைசென்ஸே வேண்டாம்.

கே: அண்ணா, நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். கணவர் பக்கத்து நீர்த்தேக்கங்களில் பாஸ் பிடித்துக் கொண்டுவருகிறார். குழம்பு வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நான் இரண்டாவது குழந்தையைச் சுமக்கிறேன். சாப்பிடலாமா? – வாசகி, சான் ஹோசே

தங்கச்சி, சாப்பிட வேண்டாம். மூத்த பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நியூ அல்மடேன் பாதரசச் சுரங்கம் இருந்தது. 1840களில் தொடங்கியது. தங்க வேட்டைக் காலத்தில் மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம்தான் பயன்பட்டது. அந்தப் பாதரசம் இன்னும் ஓடைகளிலும் ஏரிச் சேற்றிலும் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சின்னப் பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் அது ஏறிக்கொண்டே போகும். பாஸ் அந்த வரிசையின் உச்சியில் இருக்கிறது, பல வருடம் வாழ்கிறது, அதனால் சேர்மானம் அதிகம். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். தோலை உரிப்பதாலோ நன்றாக வேகவைப்பதாலோ போகாது, அது சதையிலேயே இருக்கிறது.

அல்மடேன், குவாடலூப், கலேரோ ஆகிய மூன்று நீர்த்தேக்கங்களின் மீனை யாருமே சாப்பிடக் கூடாது என்பது அரசின் எச்சரிக்கை. கணவரும்தான். தனி எச்சரிக்கை இல்லாத மற்ற ஏரிகளுக்கும் ஒரு பொது அறிவுரை உண்டு: 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களும், 17 வயது வரையுள்ள பிள்ளைகளும் பாஸ் சாப்பிடக் கூடாது. இதுவரை சாப்பிட்டதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள்.

கணவரை ட்ரௌட் பக்கம் திருப்பிவிடுங்கள். பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்து, ஏரிக்கு வந்து கொஞ்ச நாளே ஆன வானவில் ட்ரௌட்டில் பாதரசம் பொதுவாகக் குறைவு. ஆனாலும் அந்தந்த ஏரிக்கு வாரத்துக்கு எத்தனை வேளை என்ற அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன மூன்று ஏரிகளிலிருந்து ட்ரௌட்டும் வேண்டாம். சமைப்பது சுலபம். செதிள் மிகச் சின்னது, உரசி எடுக்க வேண்டியதில்லை. வயிற்றைக் கீறிக் கழுவி, மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, இஞ்சி பூண்டு தடவி முழு மீனாகவே தோசைக்கல்லில் போடுங்கள். சதை மிருது, ஒரே தடவைதான் திருப்ப வேண்டும். குழம்புக்கு இது தாங்காது, உடைந்துவிடும்.

கே: காற்றடைக்கும் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வாங்கியிருக்கிறேன். எந்த ஏரியில் வேண்டுமானாலும் இறக்கலாமா? மழை பெய்த மறுநாள் போனால் மீன் கிடைக்குமா? – வாசகர், டிரேசி

மழை பற்றி முதலில். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருந்தால் ட்ரௌட்டை மறந்துவிடுங்கள். பாஸ் கிடைக்கும், ஓடைவாயில் கலங்கலும் தெளிவும் சேருகிற கோட்டில் சிவப்பு அல்லது கறுப்பு இரையைப் போடுங்கள்.

கயாக் விஷயத்தில் கவனம் தேவை. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகப் பக்கம் தங்கச் சிப்பி என்கிற அந்நியச் சிப்பியைக் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் அது முதல் தடவை. குழாய்களையும் மதகுகளையும் அடைத்துக்கொண்டு பரவும். அதனால் பல நீர்த்தேக்கங்களில் படகு இறக்கச் சோதனை உண்டு, சிலவற்றில் வாரக்கணக்கில் காயவைத்து முத்திரை வாங்கிய படகை மட்டுமே விடுகிறார்கள். நீங்கள் அந்தத் துறைமுகம் இருக்கும் டெல்டா என்கிற ஆற்றுக் கழிமுகப் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பவர், அங்கே இறக்கிய கயாக்கை அப்படியே இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகவே கூடாது. காற்றைப் பிடுங்கி, மடிப்புகளைத் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். காற்றடைத்த படகுகளுக்கு விதி ஏரிக்கு ஏரி மாறும், ஆகவே கிளம்புவதற்கு முன் அந்த ஏரி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமையே போடுங்கள், சனிக்கிழமை காலையில் லைன் கிடைக்காது.