தன் மகரந்தம் போதுமா? மாடித்தோட்டக் கேள்வி பதில்

வடசென்னை மாடித்தோட்டக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கொடுங்கையூரிலிருந்து: டீச்சர், டிராகன் ஃப்ரூட் நாலு தொட்டியில் வைத்திருக்கிறேன். ராத்திரி பூ விரிகிறது, அப்புறம் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் பத்தவில்லையா?

உரத்தைச் சந்தேகப்படாதீர்கள். நாலும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுகள்தானே? அப்படியென்றால் மரபணுக் கணக்கில் உங்களிடம் இருப்பது ஒரே செடி. சிவப்புச் சதை ரகங்கள் பலவும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வெள்ளைச் சதை ரகம் வைத்திருப்பவரிடம் ஒரு பூ கேட்டு வாங்கி, வெயில் ஏறுவதற்குள் தூரிகையால் தடவிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து: தன் மகரந்தமே போதும் என்றால் பூச்சி வராவிட்டாலும் காய்க்குமே. செடி ஏன் அதை வேண்டாம் என்கிறது?

நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1941இல் இங்கிலாந்தின் மரபியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கணக்குப் போட்டார். அயல் மகரந்தத்தை நம்பும் செடி, தன் விதை வழியாக ஒரு பங்கு மரபணுவையும், அடுத்த செடிக்குப் போகும் மகரந்தம் வழியாக ஒரு பங்கையும் கடத்துகிறது. தன் மகரந்தத்தால் விதைக்கும் செடிக்குத் தன் விதையிலேயே இரண்டு பங்கு. வெளியே போகும் மகரந்தத்தில் இன்னொன்று. மூன்றுக்கு இரண்டு! இந்தக் கணக்குப்படி உலகத்துப் பூச்செடியெல்லாம் எப்போதோ தனக்குத்தானே விதைக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

தொடங்கவில்லை. காரணம், விதையின் தரம். சொந்தத்துக்குள்ளேயே சேரும்போது இதுவரை மறைந்திருந்த கெட்ட மரபணுக்கள் ஜோடியாகச் சேர்ந்து தலைகாட்டும். டார்வின் மார்னிங் குளோரிக் கொடியில் பத்துத் தலைமுறை இதைப் பார்த்து 1876இல் எழுதினார். அயல் மகரந்தத்தில் பிறந்த கொடிகளின் சராசரி உயரம் 100 என்றால் தன் மகரந்தத்தில் பிறந்தவை 77. ஆனால் ஆறாம் தலைமுறையில் தன் மகரந்தக் கொடி ஒன்று, போட்டிக்கு நின்ற அயல் மகரந்தக் கொடியை அரை அங்குலம் முந்தியது. அதற்கு 'ஹீரோ' என்று பேர் வைத்தார் மனிதர்! எனக்குப் பிடித்த இடம் அது. கெட்டது கழிந்துபோன வம்சமும் உண்டு என்பதற்கு அது ஒரு ஜாடை.

கழியாதவரை என்ன ஆகும்? எளிய கணக்கில் எல்லைக்கோடு பாதி. சொந்த மகரந்த விதையின் பிழைப்பு மற்றதில் பாதிக்கும் கீழே போனால் அயல் மகரந்தம் ஜெயிக்கும். பாதிக்கு மேலே இருந்தால் ஃபிஷரின் கணக்கு ஜெயிக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அப்படியானால் தக்காளி? அது தானே காய்க்கிறது, ஆனால் இலை சுருண்டு போகிறது.

நம் தக்காளியில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி, மகரந்தப்பைகளின் கூம்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெளி மகரந்தம் வருவது அபூர்வம். பெரு, சிலி நாட்டுக் காட்டு உறவுகளில் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பல தன் மகரந்தத்தை ஏற்பதே இல்லை. மகரந்தத்திலிருந்து சூலை நோக்கி வளரும் குழாய், சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டுக்குள்ளேயே நின்றுவிடும். நம் தக்காளி காய்க்கும் வசதிக்காக மரபணு வேறுபாட்டை இழந்தது. அதனால்தான் இலைச்சுருட்டு வைரஸைத் தாங்கும் மரபணுவைச் சிலியின் காட்டுத் தக்காளியிலிருந்தும், வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்ப்பதைப் பெருவின் காட்டுத் தக்காளியிலிருந்தும் எடுத்து வந்தார்கள். விதை வாங்கும்போது இலைச்சுருட்டைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஈயையும் கவனியுங்கள், அதுதான் வைரஸைப் பரப்புகிறது.

மாதவரத்திலிருந்து: ரெட்டேரியில் ஆகாயத்தாமரையை அள்ள அள்ள வருகிறதே, அதுவும் தன் மகரந்தமா?

பெரும்பாலும் மகரந்தமே தேவையில்லை, கிளைவிட்டே பெருகுகிறது. தாயகமான தென்னமெரிக்காவில் சூல்தண்டு நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று வகைப் பூச்செடிகள். ஒரு வகையின் மகரந்தம் இன்னொரு வகைக்குப் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. குட்டை வகை தாயகத்தோடு நின்றுவிட்டது, வெளியே பரவியதில் நடுத்தரமே அதிகம். உலகின் பல ஏரிகளில் மிதப்பது ஏறக்குறைய ஒரே செடியின் நகல்கள்.

இதன் உறவுச் செடி ஒன்று வடகிழக்கு பிரேசிலில் வற்றிப்போகும் குட்டைகளில் வாழ்கிறது. கனடாவில் தாவரவியல் அறிஞர் ஸ்பென்சர் பாரெட் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கூட்டம் சிறுத்து, துணையும் தேனீயும் குறைந்த இடங்களில் ஒரு மகரந்தத்தாள் நீண்டு சூல்முடியைத் தொட்டுவிடும் வகை தோன்றியிருக்கிறது. ஜமைக்கா தீவில் பெரும்பாலும் இப்படித் தனக்குத்தானே விதைக்கும் கூட்டங்கள்தான் இருக்கின்றன. தனியாகப் போய்ச் சேரும் செடிக்குத் துணையில்லாமல் விதைப்பது லாபம் என்று தாவரவியல் அறிஞர் ஹெர்பர்ட் பேக்கர் 1955இல் சொன்னதற்கு இது நல்ல சாட்சி.

ராயபுரத்திலிருந்து: டீச்சர், ஒரே பப்பாளிப் பழத்து விதை. இரண்டு மரத்தில் நீளக் காய், ஒன்றில் உருண்டை. விதை கலந்துவிட்டதா?

கலக்கவில்லை அம்மா. நீளக் காய் இருபால் மரம், அதன் ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கும். உருண்டை பெண் மரம். இருபால் மரம் தன் மகரந்தத்தால் காய்த்தால் விதைகள் இருபால் இரண்டுக்குப் பெண் ஒன்று என்றுதான் பிரியும். இருபால் குரோமோசோம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த விதை பிழைக்காது, அதனால் மரபியலில் வழக்கமாகச் சொல்லும் மூன்றுக்கு ஒன்று வராது. அடுத்த முறை ஒரு குழிக்கு மூன்று கன்று வையுங்கள். பூ வந்ததும் இருபாலில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம்.