ஒற்றைத் தலைவலி: மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா?

கே: காசிமேட்டில் மீன் வியாபாரம். நடுராத்திரி 2 மணிக்கே ஏலத்துக்குக் கிளம்பிவிடுவேன். வாரத்தில் நாலைந்து நாள் ஒரு பக்கத் தலை விண் விண்ணென்று தெறிக்கிறது, வாந்தியும் வருகிறது. கடையில் வாங்கிப் போடும் மாத்திரை இப்போது கேட்பதே இல்லை.

ப: அம்மா, மாத்திரை கேட்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரையேதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் சுமாட்ரிப்டான் வகைக்கும், பல வலி மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கும் அந்த எல்லை 10 நாள்தான். நிறுத்தினால் முதலில் வலி கூடும். பயந்து மறுபடி கடைக்கு ஓடாதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி வந்தபின் போடும் மாத்திரை வேறு, வராமல் தடுக்கத் தினமும் போடுவது வேறு. புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் எல்லாம் இரண்டாம் வகை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்தே நாளில் நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனலால் கூடாது, மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், வெறும் டீயோடு ஏலத்தில் நிற்காதீர்கள். பட்டினியும் தூக்கக் குறைவும் இந்த வலியைக் கிளப்பிவிடும்.

கே: நெற்றி நரம்பில் ஆபரேஷன் செய்தால் நிரந்தரமாகத் தீரும் என்கிறார்களே? (பெரம்பூர் வாசகர்)

ப: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். நெற்றி, பின்கழுத்து நரம்புகளை அழுத்தும் தசையை வெட்டி விடுவிக்கும் முறை அது. மருத்துவ ஆய்வுக்காக அல்லாமல் அதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013இல் சொன்னது. மரத்துப்போதல் மாதிரி பக்கவிளைவும் உண்டு. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி இருப்பவர்களுக்கு போடாக்ஸ் இருக்கிறது: தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் சின்னச் சின்ன ஊசி, 12 வாரத்துக்கு ஒருமுறை. 2018 முதல், இந்த வலியைக் கிளப்பும் சிஜிஆர்பி என்ற உடல் புரதத்தை அடக்கும் ஊசிகளும் வந்துவிட்டன, விலைதான் அதிகம். கத்தியை நினைக்கும் முன் இத்தனை படிகள் இருக்கின்றன.

கே: சுமாட்ரிப்டானை எப்போது போட வேண்டும்?

ப: வலி தொடங்கியவுடனே. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், பிரஷர் கட்டுப்படாதவர்களும் தொடவே கூடாது.

கே: தலைவலிக்கு முன் என் மகளுக்குக் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகின்றன. மாதவிலக்கு சீராக ஹார்மோன் மாத்திரை போடுகிறாள். (தண்டையார்பேட்டை வாசகி)

ப: அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இப்படிக் கோடு தெரிகிறவர்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். வேறு வழிகள் உண்டு, மருத்துவர் மாற்றித் தருவார்.

கே: அப்பாவுக்கு 58 வயது. தலைவலியே வராத மனிதருக்கு நேற்று திடீரென்று இடி விழுந்தாற்போல வந்தது. இது மைக்ரேனா, அதாவது ஒற்றைத் தலைவலியா? (எண்ணூர்)

ப: அப்படி நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். இதைப் படித்தவுடன் 108ஐக் கூப்பிடுங்கள்.