செயலியில் பணம் வாங்கலாமா? செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகள்

காரைக்குடி: ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் செயலியில் விற்கிறேன், அண்ணே. செயலிக் கடை நடத்தும் ஆப்பிளுக்கு அதில் பங்கு உண்டா?

இல்லை. லாரியில் ஏறும் சரக்குக்கு ஆப்பிளின் சொந்தக் கட்டணமுறையைப் பயன்படுத்தவே கூடாது. கூகுளிலும் அப்படித்தான். யுபிஐ, கார்டு எதையும் வைக்கலாம்.

தேவகோட்டை: மணகோலம், சீப்புச் சீடை சுடக் கற்றுத்தருகிறேன் தம்பி. ஒருத்திக்குச் சொல்லித்தந்தால் ஒரு விதி, பத்துப் பேருக்கு வேறு விதியாமே?

ஆமாம் ஆச்சி. ஒருவருக்கு ஒருவர் நேரலையில் நடத்தும் வகுப்புக்கு ஆப்பிள் வெளிக் கட்டணமுறையை அனுமதிக்கிறது. சிலரோ பலரோ சேர்ந்தால் ஆப்பிளின் கட்டணமுறைதான். பதிவுசெய்த வீடியோவுக்கும் அதுவே. தனி வகுப்பையும் குழு வகுப்பையும் வேறு வேறு பொத்தான்களில் வையுங்கள்.

பள்ளத்தூர்: கல்யாண மொய்யைச் செயலியில் அனுப்பும் வசதி செய்கிறேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் நான் எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். அன்பளிப்புப் பணத்தை வெளிக் கட்டணமுறையில் அனுப்ப ஆப்பிள் தரும் விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள்: கொடுப்பது முழுக்க அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும், 100 சதவீதமும் பெறுபவருக்கே போக வேண்டும். இரண்டு ரூபாயை எடுத்த அன்றே விலக்கு போய்விடும். மொய் வைத்தவருக்கு மட்டும் கல்யாண வீடியோ திறக்கும் என்று வைத்தாலும் போய்விடும். பணம் வீட்டாரின் கணக்குக்கே நேராகப் போகட்டும். உங்களிடம் தங்கினால் ரிசர்வ் வங்கியின் விதிகளும் குறுக்கே வரும்.

வருமானத்தை மொய் நோட்டில் தேடுங்கள். ‘பெரியப்பா வீட்டில் வைத்தது எவ்வளவு, அடுத்து யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்?’ என்று தேடித் தரும் வசதிக்குச் சந்தா வாங்கலாம். அது டிஜிட்டல் சேவை. ஆகவே ஆப்பிளில் அதன் கட்டணமுறை வழியாகத்தான். ஒன்றை மறக்காதீர்கள்: செயலியைப் பரிசீலிக்கும் ஆப்பிள் ஊழியருக்கு மொய் என்றால் என்னவென்றே தெரியாது. செயலியை அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் நாலு வரி விளக்கி எழுதுங்கள்.

கானாடுகாத்தான்: எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு. அதிலுள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டினால் ஒலி விளக்கம் திறக்கும்படி செய்யலாமா?

டிக்கெட்டில் சிக்கல் இல்லை. ஆனால் பூட்டிய உள்ளடக்கத்தைக் கியூஆர் குறியீட்டால் திறப்பதை ஆப்பிள் பெயர் சொல்லியே தடுக்கிறது. விளக்கத்தை எல்லோருக்கும் இலவசமாக விடுங்கள். அதன் விலையை டிக்கெட்டில் சேருங்கள்.

புதுவயல்: விளையாட்டில் விற்கும் நாணயங்களுக்குக் காலாவதி வைக்கலாமா?

கூடாது. காசு கொடுத்து வாங்கியது காலாவதியாகக் கூடாது என்பது ஆப்பிள் விதி.

கோட்டையூர்: விற்பனையில் ஆப்பிள் எடுக்கும் 30 சதவீதம் கட்டுப்படியாகாது, அண்ணே.

ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருந்தால் ஆப்பிளின் சிறுதொழில் திட்டத்தில் 15 சதவீதம்தான். 2021 முதல் இருக்கிறது. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.