முதல் டாட்டூவை நண்பன் கையில போடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 22 வயசு. சின்ன வயசுல இருந்தே நல்லா வரைவேன், பென்சில்ல போர்ட்ரெய்ட் எல்லாம் பண்ணுவேன். இப்போ பார்க்கிற வேலையில மனசு ஒட்டல, டாட்டூ ஆர்ட்டிஸ்ட் ஆகணும்னு முடிவு பண்ணி ஆன்லைன்ல ஒரு கிட் வாங்கிட்டேன். மெஷின், இங்க், ஊசி எல்லாம் அதுலயே வந்துச்சு. ஒரு வாரமா வீடியோ பார்த்து ப்ராக்டிஸ் ஸ்கின்ல, அதாவது பழகுறதுக்குன்னே வர்ற செயற்கைத் தோல்ல போட்டுப் பழகுறேன், லைன் ஓரளவு நல்லாவே வருது. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் "முதல்ல என் கையில போடுடா, எப்படி வந்தாலும் பரவால்ல"ன்னு நிக்கிறான். போடலாமா, இல்ல 15 நாள் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்துட்டுப் போடலாமா? பேர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

போடாதீங்க. இப்போதைக்கு அந்தக் கையைத் தொடவே தொடாதீங்க, கோர்ஸ் முடிச்சிட்டு வந்த மறுநாளும் தொடாதீங்க.

உங்க கடிதத்துல "எப்படி வந்தாலும் பரவால்ல"ங்கிற இடத்துல எனக்கு மனசு நின்னுடுச்சு, ஏன்னா இதே வார்த்தையை என்கிட்டயும் ஒருத்தி சொன்னா. அப்போ நான் மெஷினைக் கையில பிடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. கணுக்கால்ல ஒரு சின்னப் பறவை கேட்டா, போட்டேன், போட்டு முடிச்ச அன்னைக்கு அது அழகாத்தான் இருந்துச்சு, ரெண்டு பேரும் ஃபோட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டோம். மூணு வாரம் கழிச்சு ஆறினப்புறம் காட்டினா, இறக்கையைச் சுத்தி மை கசிஞ்சு நீலமா ஒரு நிழல் மாதிரி படர்ந்திருந்துச்சு. நாங்க இதை ப்ளோஅவுட்னு சொல்லுவோம். அவ ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஆனா அதுக்கப்புறம் கணுக்கால் தெரியுற மாதிரி அவ உடுத்தி நான் பார்த்ததே இல்ல, இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது வலிக்குது.

ஏன் அப்படி ஆச்சுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது, இப்போ தெரியும், அதனால உங்களுக்கு விவரமாவே சொல்றேன். தோலோட மேல் அடுக்கு ரொம்ப மெலிசு, உடம்புல பெரும்பாலான இடத்துல மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும், அதுவும் ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல உரிஞ்சு புதுசாகிடும். மை அங்கேயே தங்கிட்டா ஆறும்போது அதோட சேர்ந்து போயிடும், கோடு விட்டு விட்டுத் தெரியும். அதுக்குக் கீழ் அடுக்குல போய் உட்கார்ந்தாத்தான் நிக்கும். இன்னும் ஆழமாப் போச்சுன்னா கொழுப்பு அடுக்குல மை பரவிடும், என் தோழிக்கு நடந்தது அதுதான், கணுக்கால்ல தோல் மெலிசுன்னு நான் யோசிக்கவே இல்ல. ஆக நமக்குக் கிடைக்கிற இடம் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் அவ்வளவுதான், அதுவும் முழங்கை உள்பக்கம் ஒரு மாதிரி, விலா எலும்பு மேல ஒரு மாதிரி, வயசானவங்க தோல்ல வேற மாதிரி. இந்த வித்தியாசத்தைக் கை ஊசி வழியாவே உணரணும், இன்னொரு கை தோலைச் சரியா இழுத்துப் பிடிச்சிருக்கணும். புதுசா வர்றவங்க பாதிப் பேருக்கு லைன் நடுங்குறது மெஷின் பிடிச்ச கையால இல்ல, இழுத்துப் பிடிக்காத அந்த இன்னொரு கையாலதான்.

இந்த மெஷினோட கதையே வேடிக்கையானது. 1876ல எடிசன் நகல் எடுக்கிறதுக்காக, காகிதத்துல பொடிப்பொடியா ஓட்டை போடுற ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார், அந்த யோசனையை வச்சு நியூயார்க்ல சாமுவேல் ஓ'ரெய்லி 1891ல டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்துக்காகப் பிறந்த சாமான்ங்கிறதாலயோ என்னவோ, நல்லா வரையத் தெரிஞ்சவங்களுக்கு இது இன்னொரு பேனாதானேன்னு தோணிடுது. ஆனா காகிதத்துல ரத்தம் வராது, அது வீங்காது, வலியில சட்டுனு இழுத்துக்காது. உங்க ப்ராக்டிஸ் ஸ்கின்னும் அதே மாதிரிதான், அது ஆறாது. தோல்ல போட்ட மையை உடம்போட பாதுகாப்பு செல்கள் விழுங்கி வச்சுக்குது, அந்த செல் செத்தா பக்கத்துல புதுசா வர்ற செல் அதே மையை மறுபடி பிடிச்சுக்குதுன்னு எலிகளை வச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2018ல வெளியாச்சு. அதாவது நாம கையை எடுத்தப்புறமும் அந்த டாட்டூ உயிரோட உள்ள மாறிக்கிட்டே இருக்கு.

இதனாலதான் 15 நாள் கோர்ஸ் பத்தி எனக்கு நம்பிக்கை இல்ல. மெஷின் செட் பண்றது, டிசைனைத் தோல்ல பதிக்கிற ஸ்டென்சில் ஒட்டுறது, 1207ஆர்எல்னு பாக்கெட்ல போட்டிருந்தா 0.35 மில்லிமீட்டர் தடிமன்ல ஏழு ஊசி வட்டமா சேர்த்த, கோடு போடுற லைனர்னு புரிஞ்சுக்கிறது, இதெல்லாம் 15 நாள்ல வந்துடும், தப்பே இல்ல. ஆனா நீங்க போட்ட டாட்டூ மேல் தோல் ஆறவே ரெண்டு மூணு வாரம் ஆகும், உள்ள முழுசா அடங்க இன்னும் சில மாசம். கோர்ஸ் முடிஞ்சு சர்டிஃபிகேட் வாங்குற அன்னைக்கு, நீங்க போட்டதுல ஒண்ணுகூட ஆறி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. என்ன தப்பு பண்ணினோம்னு தெரியாமலே அடுத்த ஆளைத் தொடுவீங்க.

அதனால அனுபவமுள்ள டாட்டூ ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர்கிட்ட கத்துக்கப் போய் உட்காருங்க. ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு மூணு வருஷம்கூட ஆகலாம், ஆரம்பத்துல கூட்டித் துடைக்கிறதும் ஸ்டென்சில் எடுக்கிறதும்தான் வேலையா இருக்கும், சம்பளம் இருக்குமான்னும் உறுதி இல்ல, அதனால இப்போ இருக்கிற வேலையை விட்டுடாதீங்க, வாரத்துல ரெண்டு நாள்ல இருந்து ஆரம்பிங்க. யார்கிட்டன்னு தேடும்போது அவங்க பேஜ்ல பளபளன்னு சிவந்திருக்கிற புது டாட்டூ ஃபோட்டோவைப் பார்த்து மயங்கிடாதீங்க. "ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம் ஆன வேலை இருந்தா காட்டுங்க"ன்னு கேளுங்க. அதுல லைன் கசியாம, கறுப்பு கறுப்பாவே இருந்தா அவங்ககிட்ட கத்துக்க விஷயம் இருக்கு. கேட்டதுக்குக் கோவப்பட்டா வேற இடம் பாருங்க.

உங்க வரைதலை விட்டுடாதீங்க, ஆனா கொஞ்சம் மாத்துங்க. பென்சில் போர்ட்ரெய்ட்ல இருக்கிற நுணுக்கம் எல்லாம் சின்ன அளவுல தோல்ல நிக்காது, வருஷம் போகப் போக கோடு தடிக்கும், நெருக்கமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும். ரப்பர் வைக்காம இங்க்ல ஒரே இழுப்புல நீளமான கோடு போட்டுப் பழகுங்க.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். உங்க கடிதத்துல சுத்தம் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துல உடம்புக்கு வெளியே குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, வழக்கமா ஆறு மாசத்துல மூணு டோஸ், அதை உடனே டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிச்சிடுங்க. ஹெபடைடிஸ் சிக்கும் எச்ஐவிக்கும் தடுப்பூசியே கிடையாது. ஊசியும், ஊசி பொருத்தி வர்ற கார்ட்ரிட்ஜும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா சுத்தமாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, திரும்ப உபயோகிக்கிற உலோக சாமான்களை ஆட்டோக்ளேவ்ல, அதாவது நீராவியில கிருமியைக் கொல்ற மெஷின்ல, 121 டிகிரியில அழுத்தத்தோட வைக்கணும். உங்க கிட்ல வந்த இங்க் பாட்டிலை எடுத்துப் பாருங்க, தயாரிச்சவங்க பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி இல்லைன்னா அது ப்ராக்டிஸ் ஸ்கின்னுக்கு மட்டும்தான். 2022 ஜனவரில இருந்து ஐரோப்பிய ஒன்றியம் டாட்டூ மையில ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கு, அந்த அளவுக்கு யோசிக்க வேண்டிய பொருள் அது.

ஃப்ரெண்ட்கிட்ட "உன் கை எனக்கு வேணும், ஆனா இப்போ இல்ல"ன்னு சொல்லிடுங்க. இந்த வாரம் அதுக்குப் பதிலா ஒண்ணு பண்ணுங்க. க்ளவுஸ் போட்டுக்கிட்டு விரல் நுனியில சிவப்பு பெயின்ட் தடவிக்கிட்டு, அது காய காய மறுபடி தொட்டுக்கிட்டு, ப்ராக்டிஸ் ஸ்கின்ல ஒரு டாட்டூவை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வழக்கம்போல போடுங்க. முடிச்சதும் எழுந்து சுத்திப் பாருங்க, ஸ்ப்ரே பாட்டில், லைட், மெஷின் வயர், ஃபோன், உங்க மூக்கு, எங்கெல்லாம் சிவப்பு இருக்குன்னு. நிஜத் தோலா இருந்தா அங்கெல்லாம் ரத்தம் பட்டிருக்கும். அந்தப் பட்டியலை எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்து எதைக் கத்துக்கணும்னு அதை வச்சுப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா